ஆறு பலகைக் கடல்

என் அக்கா பத்தொன்பது வருடமாக ஒரு பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிறாள். வீட்டுச் சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்த நகம் அளவுச் சில்லை யாராவது கொண்டுவந்து, "இதே நிறம் வேணும்" என்று நீட்டினால், வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்ப்பாள். வெள்ளை டப்பாவைத் திறந்து கறுப்பில் கொஞ்சம், மஞ்சளில் கொஞ்சம், காவியில் ஒரு பொட்டு என்று விட்டுக் கலக்குவாள். விரல் நுனியால் தொட்டு அந்தச் சில்லின் மேலேயே தடவிக் காட்டுவாள். காய்ந்த பிறகு எந்த இடத்தில் தடவினாள் என்று கொண்டுவந்தவருக்கே தெரியாது. கலக்கும்போதெல்லாம் "இன்னும் ஒரு சொட்டு, இன்னும் ஒரு சொட்டு" என்று முணுமுணுப்பதால் முதலாளி அவளுக்குச் சொட்டு என்று பெயர் வைத்துவிட்டார். வாடிக்கையாளர்களுக்கு அவள் சொட்டு அக்கா. கணினியோடு சேர்ந்த கலக்கும் இயந்திரம் வந்த பிறகும் முதலாளி அவளை விடவில்லை. இயந்திரம் கையை விரித்துவிட்டால் அக்காவைக் கூப்பிடுவார்கள்.

மத்தியானம் மூன்று மணிக்குக் கடை வேலை முடியும். அதற்கப்புறம் அவள் படம் போடுவாள். அதுவும் அரூப ஓவியம். மரம், மனிதன், மாடு என்று எதுவும் அதில் இருக்காது. நிறம் இருக்கும், கோடு இருக்கும், சுரண்டிய தடம் இருக்கும்.

நான் தச்சன். என் பட்டறைக்குப் பின்னால் மரம் அடுக்க ஒரு தகரக் கொட்டகை கட்டியிருந்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், "ஒரு மூலை மட்டும் குடுடா" என்று கேட்டு உள்ளே வந்தாள். இப்போது என் மரம் வெளியே தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. கொட்டகை முழுக்க அவள்தான். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பின்னால் பெரிய கதை எதுவும் இல்லை, வேண்டாம் என்றாள், அவ்வளவுதான். என் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். நானும் என் மனைவியும் கீழே.

அவள் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கடற்கரையின் வடக்குப் பக்கம் ஒரு மேட்டுப் பாறை உண்டு. நீர் வற்றும் நேரத்தில் அதன் கீழே அரை மைல் தூரத்துக்குச் சேற்றுத் தரை வெளியே வரும். கடைக்குப் போகும் முன்னால், காலையில் அவள் அந்த மேட்டில் போய் நிற்பாள். கையில் கேமரா கிடையாது. கடையில் மிஞ்சிய நிற அட்டைகளும் மூடி போட்ட நாலைந்து சின்னக் குப்பிகளும்தான். ஈர மணலின் நிறத்தைக் குப்பியில் கலந்து, அட்டையில் தடவி, கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். ஒத்துவரவில்லை என்றால் இன்னும் ஒரு சொட்டு. ஒத்துவந்தால் அட்டையின் பின்னால் தேதி, மணி, காற்று எந்தப் பக்கம் என்று எழுதிப் பையில் போட்டுக்கொள்வாள். செருப்பு வாங்கிய பெட்டிகளில் அந்த அட்டைகள் வருடவாரியாக இருக்கின்றன. முப்பது பெட்டியாவது தேறும். 'சாம்பல்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போகிற நிறத்தில் அவளிடம் நானூறு இருக்கிறது.

கொட்டகைக்கு வந்ததும் அந்த அட்டைகளைத் தரையில் பரப்பி, காப்பி டம்ளரோடு குந்திக்கொண்டு, சீட்டாடுகிறவள் மாதிரி மாற்றி மாற்றி வைப்பாள். எது எதன் பக்கத்தில் நிற்கும், எது எதை விரட்டும் என்று பார்ப்பாளாம். அது முடிவான பிறகுதான் பலகையில் கை வைப்பாள். தூரிகை குறைவு. சுவருக்குப் பட்டி பூசும் தகட்டால் இழுப்பாள். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பாள். மறுபடி பூசுவாள், மறுபடி சுரண்டுவாள். மேலே தெரிகிற நிறத்துக்குக் கீழே அது மறைத்த ஏழெட்டு நிறம் இருக்கும்.

எங்களுக்கு அது புரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒருமுறை அவள் கொடுத்த படத்தைக் கூடத்தில் மாட்டினேன். இரண்டு மாதம் கழித்து என் மனைவி, "ஏன் அண்ணி, இதுக்குத் தலை எந்தப் பக்கம்?" என்று சும்மா கேட்டாள். "இப்ப கால் மேல இருக்கு" என்றாள் அக்கா. எனக்கு மானம் போய்விட்டது. "முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். "தலைகீழாவும் நிக்குதான்னு பாத்தேன். நிக்குது. நீ ஆணி அடிச்சதுதான் கோணல்" என்றாள்.

யாராவது உன் அக்கா என்ன வரைகிறாள் என்று கேட்டால், "பெயிண்ட் மிச்சமாயிடுதுல்ல, அதான்" என்று சொல்லிச் சிரித்து மழுப்பிவிடுவேன். அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் துறைமுகத்தில் பயணிகள் படகு எதிர்க்கரைக்கும் இங்குமாக நாள் முழுவதும் ஓடும். முப்பத்தைந்து நிமிடப் பயணம். அங்கே வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், படிக்கப் போகிறவர்கள் என்று எப்போதும் கூட்டம். பழைய காத்திருப்புக் கூடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். அந்தக் கட்டடத்தை வடிவமைத்த பெண்மணி, பழைய கைப்பிடிக் கம்பியின் பச்சை அப்படியே வேண்டுமென்று கேட்டு அக்காவின் கடைக்கு வந்தார். அக்கா கலந்துகொண்டிருந்தபோது மேஜையில் காய்ந்துகொண்டிருந்த ஐந்து அட்டைகளைப் பார்த்திருக்கிறார்.

"இது என்ன வரிசை?"

"நேத்து காலைல ஆறேகால்லருந்து ஏழு வரைக்கும்" என்றாள் அக்கா.

அன்று சாயங்காலமே அந்தப் பெண்மணி எங்கள் கொட்டகையில் நின்றார். ஒரு மணி நேரம் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். பிறகு, கூடத்தில் இருபத்துநான்கு அடி நீளமும் ஏழடி உயரமுமாக ஒரு சுவர் இருக்கிறது, அதற்கு ஒரு படம் செய்து தருவீர்களா என்று கேட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பலகை செஞ்சு தருவியா?" என்றாள். அவள் கேட்டதே அவ்வளவுதான்.

துறைமுக அதிகாரி ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. பாதி வேலையில் வந்து பார்ப்பேன் என்றார்.

ஏழடி உயரம், நாலடி அகலத்தில் ஆறு பலகைகள் செய்தேன். கடல் காற்றுக்கு நெளியாமல் இருக்கப் பின்னால் குறுக்குச் சட்டம் கொடுத்து, முதுகிலும் விளிம்பிலும் மூன்று முறை பூச்சு கொடுத்தேன். அக்கா ஆறையும் சாய்த்து வைத்துவிட்டு நாலு மாதம் உழைத்தாள். எட்டுப் பூச்சு. மேட்டுப் பாறையிலிருந்து பார்த்தால் தெரிகிற கடல் அது. ஆறு பலகையிலும் ஒரே உயரத்தில், தோள் மட்டத்தில், ஒரு வெளிறிய கோடு நேராக ஓடியது. கோட்டுக்குக் கீழே சேறும் நீரும், மேலே வானம். எனக்கே பிடித்திருந்தது. என் மனைவி சாயங்கால வேலைகளை முடித்துவிட்டு வந்து அதன் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார ஆரம்பித்தாள்.

அதிகாரி ஒரு புதன்கிழமை வந்தார். முப்பது வருடமாக அந்தத் துறையில் இருக்கிற மனிதர். கால்சட்டை மடிப்புக் கலையாமல், தரையில் கிடந்த டப்பாக்களைத் தாண்டித் தாண்டி வந்து நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆறு பலகையையும் பார்த்தார்.

"நிறமெல்லாம் ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். அந்த 'ம்மா'விலேயே ஒரு 'ஆனால்' ஒளிந்திருந்தது.

"சொல்லுங்க சார்" என்றாள் அக்கா.

"ஒரு படகு போட்டுட்டா நல்லா இருக்கும். ஓரமா, சின்னதா இருந்தாக்கூடப் போதும்."

"எதுக்குங்க?"

"பாக்கறவங்களுக்கு ஒரு பிடிப்பு வேணும்ல. இப்ப இது யாரோ தூரத்துல நின்னு கடலை வேடிக்கை பாக்கற மாதிரி இருக்கு. அங்க வர்றவங்க யாரும் வேடிக்கை பாக்க வர்றதில்லம்மா. ஒண்ணு ஏறிப் போகணும், இல்லேன்னா இறங்கி வீட்டுக்குப் போகணும்."

அக்கா பலகைகளின் பக்கம் திரும்பி அந்த வெளிறிய கோட்டைப் பார்த்தாள். அவர் இரண்டு நிமிடம் காத்திருந்தார். யோசிச்சுச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கோபம் வந்தது. அது அடங்கியதும் பயம் வந்தது. "போட்டுக் குடுத்துடேன்க்கா. ஓரத்துல ஒரு படகுதானே. நானே வேணா மரத்துல ஒண்ணு செதுக்கி ஒட்டறேன்" என்றேன்.

"படகு போட மாட்டேன்" என்றாள். தகட்டைத் துடைத்து வைத்துவிட்டு, "ஆனா அவர் சொன்னது சரி" என்றாள்.

"எது சரி?"

"தூரத்துல நின்னு வேடிக்கை பாக்கறேன்னு சொன்னார்ல, அது. பன்னெண்டு வருஷமா கரையில நின்னுதானே கடலைப் பாக்கறேன். கடல்லருந்து கரையைப் பாத்ததே இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா அந்தப் படகில் ஏறுவதே கிடையாது. ஒன்பது வயதில் ஒரே ஒருமுறை ஏறி, கரையை விட்டதிலிருந்து கரை சேரும் வரை வாந்தி எடுத்து, இனி செத்தாலும் ஏற மாட்டேன் என்று சொன்னவள். எதிர்க்கரையில் ஏதாவது வேலை இருந்தால் கரையோரமாகவே சுற்றி மூன்று மணி நேரம் பஸ்ஸில் போவாள். கடலையே நினைத்துக்கொண்டிருக்கிறவள் கடலில் கால் வைக்காமல் இருந்திருக்கிறாள். இத்தனை வருடத்தில் எனக்கு அது வேடிக்கையாகக்கூடத் தோன்றியதில்லை.

சனிக்கிழமை காலை முதல் படகுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். அக்கா அட்டைகளும் குப்பிகளும் போட்ட பையை ஒரு தோளிலும், பிளாஸ்டிக் பைகளை ஒரு கையிலுமாக ஏறினாள். மேல்தளத்தில் பின்பக்கம் நின்றோம். படகு துறையை விட்டு நூறு கெஜம் போவதற்குள் முதல் பை நிறைந்தது.

"திரும்பற படகுல போயிடலாம்க்கா" என்றேன்.

"திரும்பற படகும் இதே கடல்லதானே போகும்" என்றாள். வாயைத் துடைத்துக்கொண்டு கம்பியை இறுகப் பிடித்தாள். "என் இடுப்பைப் பிடிச்சுக்கோ. ரெண்டு கையும் வேணும் எனக்கு."

அப்படியே பிடித்துக்கொண்டேன். ஐம்பது வயது அக்காவை, நாற்பத்தைந்து வயதுத் தம்பி, சின்னப் பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றுகிற மாதிரி. சுற்றி இருந்தவர்கள் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. கலந்தாள், தடவினாள், கையை நீட்டிப் பிடித்தாள், ஒரு கண்ணை மூடினாள், வாந்தி எடுத்தாள், மறுபடி கலந்தாள்.

"பாரு" என்றாள். "நம்ம கரை நேரா இருக்கா?"

அவள் சொன்ன பிறகுதான் பார்த்தேன். நேராக இல்லை. படகு ஏறும்போது கரை கீழே இறங்கியது. படகு இறங்கும்போது மேலே வந்தது. அடிக்கடி ஒரு பக்கம் சாய்ந்தது. தூரம் ஆக ஆக ஒரு பழுப்பு நூலாக மெலிந்து, நடுக்கடலில் அலை மறைத்தபோது அறுந்தும் போனது. எதிர்ப்பக்கம் இன்னொரு நூல் தெரிய ஆரம்பித்தது. அது தடித்துத் தடித்து, மரமும் சுவரும் ஜன்னலுமாகக் கண் முன்னால் முழுவதும் நிறைந்து நின்றபோது படகு துறையில் இடித்தது.

பத்து நாளில் அவள் ஒன்பது முறை போய் வந்தாள். கடை முதலாளியிடம் லீவு கேட்டாள். பத்தொன்பது வருடத்தில் முதல் லீவு. அவர் திடுக்கிட்டு, "உடம்புக்கு என்ன?" என்று கேட்டாராம். நாலாவது நாள் படகில் கயிறு கட்டுகிறவர், "தினம் இவ்வளவு கஷ்டப்பட்டு வர்றீங்களே, வேலை அந்தப் பக்கமா?" என்று கேட்டார். அக்கா, "இல்லைங்க, வேலையே இதுதான்" என்றாள். அடுத்த நாளிலிருந்து அவர் அவளுக்கு ஆட்டம் குறைவாக இருக்கும் நடுத்தளத்தில் ஓர் இடம் பிடித்து வைத்தார். வாந்தி நிற்கவில்லை. பை மட்டும் மூன்றிலிருந்து ஒன்றுக்குக் குறைந்தது.

பதினோராவது நாள் கொட்டகைக்கு வந்தவள், பலகைகளை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து பார்த்தாள். "அந்த உப்புத்தாள் சுருளை எடு. முரட்டுத் தாள்" என்றாள்.

"எதுக்கு?"

"பூச்சையெல்லாம் எறக்கணும்."

நாலு மாத உழைப்பு, எட்டுப் பூச்சு. கூடம் திறக்க ஏழு வாரம் இருந்தது. "உனக்குப் பைத்தியமாக்கா?" என்று கத்தினேன். சத்தம் கேட்டு என் மனைவி ஓடிவந்தாள். அவள் என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ரசித்த படம் ஆயிற்றே. அவள் பலகைகளைப் பார்த்தாள், அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "எத்தனை பேர் தேய்க்கணும் அண்ணி?" என்று கேட்டுக்கொண்டே சேலையைச் சொருகினாள்.

மூன்று பேரும் தேய்த்தோம். இயந்திரம் கூடாது என்றாள் அக்கா. கையால்தான். "மரம் இழைக்கிற மாதிரி இழைக்காதேடா. தூங்கற பிள்ளை முகத்தைத் தொடைக்கிற மாதிரி தேய்" என்பாள். ஒரு பூச்சு போகும், அடியிலிருந்து நாம் மறந்தே போன ஒரு காவி எட்டிப் பார்க்கும். "நிறுத்து. அங்க தொடாதே" என்பாள். நாலாவது பலகையின் ஒரு மூலையில் நான் அவசரப்பட்டு உள்ளங்கை அகலத்துக்கு மரம் தெரியும்வரை தேய்த்துவிட்டேன். அவள் வந்து பார்த்தாள். "தப்பு" என்றாள். "ரெண்டு நாள் வேலை. நீயே சரி பண்ணு." பிரைமரிலிருந்து ஆரம்பித்து, காய வைத்து, ஒவ்வொரு பூச்சாக அவள் கலந்து கொடுத்த வரிசையில் நானே பூசினேன். எந்தச் சாம்பலுக்கு மேல் எந்தச் சாம்பல் என்று அப்போதுதான் முதல்முறையாக என் கைக்குத் தெரிந்தது. இரண்டும் ஒன்று என்று முந்தைய வாரம் சொல்லியிருப்பேன்.

நேர்க்கோடு போய்விட்டது. அதன் இடத்தில் முதல் பலகையில் தடித்த பழுப்புப் பட்டை ஒன்று வந்தது. இரண்டாவதில் அது மெலிந்து கீழே இறங்கியது. மூன்றாவதில் சாய்ந்து, நூலாகி, விளிம்பில் அறுந்தது. நாலாவதில் நீர் மட்டும், அலை மட்டும். ஐந்தாவதில் மேலே, யாரும் எதிர்பார்க்காத உயரத்தில், இன்னொரு நூல். ஆறாவதில் அது வளர்ந்து பலகையையே நிறைத்தது. மறுகோடியிலிருந்து நடந்து வந்தாலும் அதே பயணம்தான். போகிறவருக்கும் சரி, வருகிறவருக்கும் சரி. எதிலும் படகு இல்லை, கரை என்று சொல்லக்கூட ஒன்றும் இல்லை. ஆனால் அதன் எதிரில் நடந்தால் கால் தன்னால் கொஞ்சம் அகன்று ஊன்றிக்கொள்ளும்.

கூடம் திறக்க மூன்று நாள் இருக்கும்போது காலை ஏழு மணிக்குப் பலகைகளைக் கொண்டுபோய் மாட்டினோம். என் பட்டறை ஆட்கள் நாலு பேர் ஏற்றிக் கொடுத்தார்கள். மட்டம் பார்க்கும் கருவியை வைத்து ஒவ்வொன்றையும் நானே சரிபார்த்தேன். இந்த முறை ஆணி கோணல் என்று யாரும் சொல்ல முடியாது.

கடைசித் திருகு போட்டுக்கொண்டிருந்தபோது அதிகாரி வந்தார். அக்கா எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றாள். அவர் வாசல் பக்கத்திலிருந்து படகுத்துறைக் கதவு வரை நடந்தார். திரும்பி நடந்தார். நாலாவது பலகைக்கு எதிரே நின்றார். நீண்ட நேரம் நின்றார். பிறகு அங்கே கம்பி இழுத்துக்கொண்டிருந்த மின்வேலைக்காரரைக் கூப்பிட்டார்.

"இங்க என்னப்பா வரப்போகுது?"

"பிஸ்கட், தண்ணி வாங்கற மெஷின் சார். பிளான்ல அப்படித்தான் இருக்கு."

"இங்க வேண்டாம். வெளியே தாழ்வாரத்துல வை."

"அங்க கரண்ட் லைன் இல்ல சார்."

"இல்லேன்னா இழு" என்றார். பிறகு அக்காவிடம் திரும்பி, "படகு போடலையே நீங்க" என்றார்.

"போடலைங்க சார். நான் ஏறிப் போயிட்டு வந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். நாற்காலி வரிசையை ஒரு முழம் பின்னால் தள்ளிப் போடச் சொல்லிவிட்டுப் போனார். பின்னால் தள்ளினால்தான் ஆறு பலகையும் ஒரே பார்வையில் தெரியும். அதை நான் மாட்டும்போதே நினைத்தேன், சொல்லத் துணிவு வரவில்லை.

திறப்பு விழா சின்னதாக நடந்தது. என் மனைவி தன்னிடமிருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் "எங்க அண்ணி பண்ணது" என்று சொன்னாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள். பத்திரிகைக்காரர் ஒருவர் அக்காவிடம் வந்து இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். நான் கொஞ்சம் பதறினேன். அவளுக்குப் பேச வராது.

"ரெண்டு கரைக்கு நடுவுல முப்பத்தஞ்சு நிமிஷம்" என்றாள். குரலில் நடுக்கம் இல்லை, சிரிப்பும் இல்லை. "நான் பண்ணதுலயே இதுதான் நல்லா வந்திருக்கு" என்றும் சொன்னாள். தன்னைப் பற்றி அவள் அப்படிச் சொல்லி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றாள். கூடத்திலேயே அவள்தான் உயரமாகத் தெரிந்தாள்.

மறுநாள் காலை கடைக்குப் போனாள். மத்தியானம் கொட்டகைக்கு வந்து, மூன்றடிப் பலகை ஒன்று வேண்டும், அவசரமில்லை என்றாள்.

போன வாரம் எதிர்க்கரையில் ஒரு வீட்டுக்குக் கதவு மாட்ட வேண்டியிருந்தது. கருவிப் பையோடு கூடத்தில் படகுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இது என்னது? ரொம்ப நேரமா பாக்கறேன், எழுந்திருக்க மனசு வரல" என்றார்.

மழுப்பிச் சிரிக்க எனக்குத் தோன்றவே இல்லை. "எங்க அக்கா பண்ணது" என்று ஆரம்பித்தேன். அந்தப் பழுப்பு எத்தனை நாளில் கிடைத்தது, அந்த நூல் ஏன் அவ்வளவு மேலே இருக்கிறது, நாலாவது பலகையின் அந்த மூலையில் எந்தச் சாம்பலுக்கு அடியில் எந்தச் சாம்பல் என்று எழுந்து போய்க் கையால் காட்டினேன். இன்னும் நாலைந்து பேர் பக்கத்தில் வந்து நின்றார்கள். ஒரு பெண் கேள்வி கேட்டாள். பதில் சொன்னேன். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்.

வெளியே மணி அடித்தது காதில் விழத்தான் செய்தது. படகு போய்விட்டது, எங்கள் ஆறு பேரையும் விட்டுவிட்டு. அடுத்தது நாற்பது நிமிடம் கழித்துத்தான். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நான் கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.